விரதம் முடிந்த மறுவாரம்

எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள் ஒரு மரவீட்டில் இரண்டு நாள் தங்குவதற்குப் பணம் கட்டிக் கொடுத்தாள். உலு லங்காட்டுக்கு மேலே, மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டிய வீடு. "ரெண்டு பேரும் போய் ரிலேக்ஸ் பண்ணிட்டு வாங்கம்மா. சுத்திலும் ஒரு வீடு கிடையாது, அவ்ளோ அமைதியா இருக்கும்லா" என்றாள். அவள் முதலில் பார்த்து வைத்த தேதி தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்னால். நான்தான் மாற்றச் சொன்னேன். விரதத்தில் இருக்கிற மனுஷன் அங்கே வந்து எதைச் சாப்பிடுவார், ஒரு கோழிகூடச் சுட முடியாது, பூசம் முடிந்த மறுவாரம் போடு என்றேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பத்துமலைக் கோயிலில் காவடி எடுப்பார். அதற்கு நாற்பத்தெட்டு நாள் விரதம். மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், தரையில் பாய். கவுச்சி கிடையாது, பீர் கிடையாது. என்னையே 'வாம்மா, போம்மா' என்றுதான் கூப்பிடுவார். மீதி நாட்களில் என்னை அடிப்பார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. முகத்தில் அடிப்பது குறைவு, வெளியே தெரிந்துவிடும் அல்லவா. தோள், மேல்கை, முதுகு. இதை எழுதும்போதுகூட 'அவர்' என்றுதான் வருகிறது. பழக்கதோஷம்.

சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வெயிலானாலும் மழையானாலும் முழுக்கைச் சட்டைதான் போடுவேன். விரத காலத்தில் மட்டும் அரைக்கை. "என்னக்கா, அரக்கை போட்டுட்டீங்க, பூசம் வந்துருச்சா?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவர்களுக்குத் தெரிந்து கேட்டார்களா, தெரியாமல் கேட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நாங்கள் இருப்பது கம்போங் மேடானில் ஒரு அடுக்குமாடி வீடு. பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்டி. எங்கள் வீட்டில் சத்தம் எல்லை மீறினால் துடைப்பக் கட்டையால் சுவரில் டொக் டொக் டொக் என்று மூன்று முறை இடிப்பார். அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் கை நின்றுவிடும். கோயில் கமிட்டியில் இருக்கிற மனுஷன், மானம் போய்விடும் என்று பயம். அந்த ஆன்டியிடம் நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பண்டிகை வந்தால் முறுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கொடுப்பேன்.

மரவீட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காவல் பார்க்கும் மலாய்க்காரர் சாவியைக் கொடுத்தார், அடுப்புக்கரி மூட்டையைக் காட்டினார், விறகு வெட்டுவதற்கு ஒரு பாராங் கத்தியைத் தூணோரம் சாய்த்து வைத்தார். இங்கே போன் லைன் கிடைக்காது, நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையிறங்கினார். இடம் உண்மையிலேயே அழகுதான். இவர் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு, "இங்க வந்து உக்காருடி" என்றார். உட்கார்ந்தேன். நான் அரைக்கைச் சட்டையில்தான் போயிருந்தேன். அந்த ஒரு மணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பதினொரு மணிக்கு முதல் பீரைத் திறந்தார். நாற்பத்தெட்டு நாள் தாகம். ஒரு மணிக்கெல்லாம் டின்கள் படிக்கட்டில் உருண்டு கிடந்தன. நான் மசாலா தடவிக் கொண்டுபோன கோழியைக் கரியடுப்பில் வாட்டினேன். எனக்கு அடுப்புக்கரி பழக்கமில்லை. வெளியே கருகியது, உள்ளே வேகவில்லை. இவர் தொடையைப் பிய்த்தார். எலும்போரம் இரத்தம்.

"என்னடி இது? நாயா நான்?"

"இருங்க, திரும்ப வாட்டித் தரேன்."

தட்டு என் காதோரம் பறந்து சுவரில் உடைந்தது. நான் குனிந்தேன். குனிந்த தலையைப் பிடித்துத் தூணில் மோதினார். ஒரு முறை இல்லை. மூன்றாவது முறை என் பல் உதட்டுக்குள் இறங்கியது. கீழே விழுந்ததும் விலாவில் உதைத்தார். உதைக்கும்போது மூச்சு வாங்க நிறுத்தினார், பிறகு மறுபடி உதைத்தார். அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. நான் சுவரைப் பார்த்தேன். டொக் டொக் என்று யாராவது இடிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். சிரித்தார்.

"எவ வரப்போறா? கத்து. நல்லா கத்துடி."

இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன். சாகப் போகிறேன் என்று தோன்றியது அன்றைக்குத்தான். முடியைப் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனார். முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினார். கல்லில் மூக்கு இடித்தது. கண்ணைத் திறந்தேன், என் இரத்தம் முகத்துக்கு முன்னால் ஓடியது. தூக்கினார், திட்டினார், மறுபடி அழுத்தினார். பாசிக்கல்லில் அவர் கால் வழுக்கியிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவர் மல்லாக்க விழுந்தார். நான் நாலு காலில் ஊர்ந்து படியேறினேன். தூணோரம் பாராங் இருந்தது.

மிரட்டுவதற்காக எடுத்தேன் என்று பிறகு போலீஸில் சொன்னேன். அது பொய். அவர் படியேறி வந்தபோது கழுத்தைப் பார்த்துத்தான் வீசினேன். அவர் தலையைப் பின்னால் இழுத்தார், கத்தி தூணில் இறங்கியது. காலால் தூணை உதைத்துப் பிடுங்கினேன். பிடுங்கியதும் மறுபடி ஓங்கினேன். பின்வாங்கியவர் கரியடுப்பின்மேல் கையை ஊன்றிவிட்டு அலறினார். அந்த அலறல் எனக்கு இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, இனித்தது.

உள்ளங்கை வெந்துபோய்த் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"மன்னிச்சிரும்மா. நான் வேணும்னு பண்ணலம்மா. கோவம் வந்தா கை தன்னால போகுது. அது ஒரு வியாதி மாதிரிம்மா."

'ம்மா' என்றார், விரதத்தில் கூப்பிடுவது மாதிரியே. இந்த வியாதிக் கதையை நான் வருஷக்கணக்காக நம்பியிருந்தேன். சீக்காளியைப் பார்த்துக்கொள்வதுபோல அவருக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொண்டேன். உப்பு, காரம், டிவி சத்தம், மகளின் மார்க்கு, எல்லாவற்றையும் அளந்து அளந்து வைத்தேன்.

"நாப்பத்தெட்டு நாளு உன் கை எங்க போச்சு?" என்று கேட்டேன். அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் முறை. "அந்த நாப்பத்தெட்டு நாளும் உனக்குக் கோவமே வரலியா?"

"வந்துச்சு" என்றார்.

"அப்புறம்?"

வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவே இல்லை.

"அது சாமிக்கும்மா."

கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மலைப்பாதையில் அதுவரை நான் கார் ஓட்டியதில்லை. பாராங்கை மடியிலேயே வைத்துக்கொண்டு முதல் கியரில் இறங்கினேன். நேராகக் கிள்ளானில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து போலீஸுக்கும் கூட்டிப் போனாள். விலாவில் இரண்டு எலும்பு விரிசல், உதட்டில் ஐந்து தையல். போலீஸ் அவரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு ஜாமீனில் விட்டது. என் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவும் போட்டார்கள்.

அதையும் மீறி, பத்தாம் நாள் காலையில் தங்கை வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். மஞ்சள் வேட்டி. உருத்திராட்சம். கையில் கட்டு. நெற்றி நிறையத் திருநீறு.

"மறுபடியும் மால போட்டுட்டேன்மா. இனி வருஷம் பூரா விரதந்தான். சாமி மேல சத்தியம். வீட்டுக்கு வாம்மா."

தங்கை போலீஸுக்குப் போன் போட உள்ளே ஓடினாள். நான் கேட்டருகே நின்றேன். உண்மையைச் சொன்னால், என் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. அந்த மஞ்சள் வேட்டி மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மகளுக்குத் தலை வாரிவிட்டது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தது, எல்லாம் அந்த ஆள்தான். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டதாக நினைத்ததும் அவரைத்தான். வருஷத்துக்கு நாற்பத்தெட்டு நாள் என்று கூட்டினால் அவரோடு மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே வாழ்ந்திருப்பேன்.

"சாமிக்கு இருக்குற விரதத்த சாமியோடயே வச்சிக்க" என்றேன். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆனது.