தூணடியில் மூன்று பேர்

ராயபுரத்தில் எங்கள் மார்க்கெட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னபோது நான் ஒன்றும் ஒப்பாரி வைக்கவில்லை. மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து மீன் விற்றவள் யாரும் புதுக் கட்டடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். குழாய் வரட்டும், சாக்கடைக்கு மூடி வரட்டும், பெண்களுக்கு ஒரு கக்கூஸ் வரட்டும். இதையெல்லாம் கேட்டு மனு கொடுத்தவர்களே நாங்கள்தான்.

வாசலில் 'பழமை மாறாமல் புதுப்பிக்கும் பணி' என்று போர்டு வைத்தார்கள். பழமை என்று அவர்கள் சொன்னது வெள்ளைக்காரன் காலத்து இரும்புத் தூண்களையும் ஓட்டுக் கூரையையும் என்று பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு தூணிலும் மஞ்சள் பெயிண்டில் நம்பர் எழுதினார்கள். கழற்றி, துரு எடுத்து, அதே தூணை அதே இடத்தில் நிறுத்துவார்களாம். தூணுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறவர்கள் மனுஷியை விட்டுவிடுவார்களா என்று நம்பி, நானும் என் வேலையைப் பார்த்தேன்.

என் இடம் கிழக்கு வாசலை ஒட்டிய தூணடி. என் இடம் என்று சொல்வது வாய்ப்பழக்கம். ஒரு பாய் விரித்தால் முடிந்துவிடும் அந்த இடத்தில் விடியற்காலையில் கீரைக்காரி உட்காருவாள். ஒன்பது மணிக்கு அவள் சாக்கை உதறிக்கொண்டு எழுந்தால், காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனோடு நான் உட்காருவேன். மூன்று மணிக்கு நான் எழுந்தால் பூக்காரி. பதினாறு வருஷமாக இப்படித்தான். மார்க்கெட்டில் தரைக்கடை போட்டவர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

பூக்காரிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் எத்தனை வாளி ஊற்றிக் கழுவிவிட்டுப் போனாலும் அவள் மஞ்சள் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை கழுவுவாள். "உன் சங்கரா மீன் கவுச்சி என் மல்லில ஏறி, சாமியே மூக்கப் பொத்திக்கினு கீது" என்பாள். நானும் சும்மா விட்டதில்லை. ஆனால் எனக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் வராமல் இருந்தபோது, வேறொரு மீன்காரி அங்கே கூடையை இறக்கப் பார்த்தாள். மத்தியானம் முழுக்கத் துடைப்பத்தோடு உட்கார்ந்து என் இடத்தைக் காத்தவள் இதே பூக்காரிதான்.

கணக்கெடுக்க வந்த அதிகாரி பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அந்த நேரத்தில் இருந்தது நான். என் பெயரை எழுதிக்கொண்டார். புதுக் கட்டடத்தில் இதே தூணடியில் உங்கள் பெயரில் ஷட்டர் போட்ட கடை என்றார். வேறு ஆளை உட்கார வைப்பது தெரிந்தால் ரத்து என்றும் சொன்னார். எனக்குக் கீரைக்காரி ஞாபகம் வந்தது. பூக்காரி ஞாபகமும் வந்தது. வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டேன். இதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. ஷட்டர், குழாய், என் பெயரில் ஒரு கடை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மூன்று மணிக்குப் பூக்காரி வந்தாள். கடை விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டே சந்தோஷமாகக் கேட்டாள்.

"ஷட்டர்னு சொல்றாங்களேடி, நீ பூட்டிக்கினு போய்ட்டா நான் இன்னா பண்றது? சாவிய யாராண்ட குட்த்துட்டுப் போவ?"

அவளுக்குச் சந்தேகமே இல்லை. என் பெயரில் கடை என்றால் அது மூன்று பேருக்கும் கடை என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ரத்து சமாச்சாரத்தைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. தரையைக் கழுவாமலே பூக்கூடையை இறக்கி வைத்தாள்.

அடுத்த வாரம் போட்டோ எடுக்க அதே அதிகாரி வந்தார். அன்று விடியற்காலையிலிருந்தே நாங்கள் மூன்று பேரும் தூணடியில் உட்கார்ந்திருந்தோம். ஏற்பாடு என்னுடையது. என் மடியில் கீரைக்கட்டு, பூக்காரியின் முழங்காலில் என் மீன்கூடை. அவள் கூடையை முறைத்துக்கொண்டே பிடித்திருந்தாள். அதிகாரி போனைத் தூக்கிப் பிடித்தார், உடனே இறக்கினார்.

"என்னம்மா இது? கடைக்காரங்க மட்டும் இருங்க, மத்தவங்க நகருங்க."

"யாரும் நகர மாட்டாங்க சார். காலைல இந்தக்கா, மத்தியானம் நானு, சாயங்காலம் இவ. மூணு பேர் பேரையும் எழுதிக்கோ."

"ஒரு கடைக்கு ஒரு பேருதாம்மா. படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு."

"தூணு பழைய எடத்துலயே நிக்கணும்னு நம்பர் போட்டியே சார், தூணாண்ட யாரு குந்திகினு இருந்தாங்கன்னு கேட்டியா? நீ பன்னண்டு மணிக்கு வந்த, நான் இருந்தேன். அஞ்சு மணிக்கு வந்திருந்தா இவதான் கடைக்காரி."

கூட்டம் சேர்ந்துவிட்டது. அதிகாரி கெட்டவர் இல்லை. காலையிலிருந்து கத்திக் கத்திப் பொறுமை போயிருந்தது. பிடிவாதம் பிடித்தால் காலி இடம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன், அப்புறம் ஒருத்தருக்கும் கடை கிடையாது என்றார்.

பூக்காரி பயந்துவிட்டாள். "வுடுடி, உனக்காவது கெடைக்கட்டும். நான் எங்கனா பிளாட்பாரத்துல குந்திக்கிறேன்" என்று எழப்போனாள். அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். என் கோபம் அவர் மேலா, அவள் மேலா, போன வாரம் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேலேயேவா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"நான் கையெழுத்துப் போட்ட காயிதத்தக் குடு சார்" என்றேன்.

வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, கொடுத்தார். பேனாவையும் கேட்டு வாங்கினேன். என் பெயரைக் குறுக்கே அடித்தேன். அதன் கீழே இருந்த என் கையெழுத்தையும் காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தேன்.

"இப்ப காலி எடம்னு எழுதிக்கோ. எழுதிட்டு, காலி எடத்துல குந்திகினு கீற மூணு பொம்பளைங்கள எழுப்பிப் பாரு."

கீரைக்காரி தன்பாட்டுக்கு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். அதிகாரி நான் அடித்த கோட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு காகிதத்தைத் திருப்பி, கட்டமே இல்லாத பின்பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு கேட்டார்.

"காலைல உட்கார்றவங்க பேர முதல்ல சொல்லுங்க."