கழுவிய ஜல்லி

பிள்ளைகளா, கொல்லையில் கிடந்த வட்டமான சிமெண்டு உறையைப் பற்றி நீங்கள் கேட்டபோதெல்லாம், கிணற்றுக்கு வாங்கி மீந்தது என்று சொல்லி வைத்தேன். அது உண்மை இல்லை. அதில் மீன் வளர்த்தோம். நான் வளர்த்தேன் என்பதைவிட உங்கள் அம்மா வளர்த்தாள் என்பதுதான் சரி. நான் எட்டாவது வரைதான் படித்தவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அப்போது புதுப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரை அம்மா அரை மைல் போய்ச் சுமந்து வருவாள். வேலையிடத்தில் ஓரம் உடைந்ததென்று தள்ளிவிட்ட உறையை நான் கேட்டு வாங்கி வந்து, அடியைப் பூசி, ஏரியில் பிடித்த ஜிலேபிக் கெண்டைகளை விட்டேன். நாலே நாளில் தண்ணீர் நாறியது. கொட்டப் போனேன்.

அம்மா மறித்தாள். "சுமந்தது நானு, கொட்றது நீங்களா? இதையே சுத்திச் சுத்தி வுட்டா இன்னா?"

அவள் சொன்னபடி உறையின் குறுக்கே இரண்டு பலகை போட்டு, அதன்மேல் வாய் உடைந்த மண்தொட்டி ஒன்றை வைத்தோம். தொட்டியின் அடியில் ஒரு துளை. உள்ளே கருங்கல் ஜல்லி. ஜல்லிக்குள் புதினாத் தண்டு. மோட்டார் கீட்டார் எதுவும் கிடையாது. உறையில் இருந்து சொம்பால் மொண்டு தொட்டியில் ஊற்றினால், தண்ணீர் கல்லுக்குள் இறங்கித் திரும்ப மீனிடமே விழும். காலை நூறு சொம்பு, மாலை நூறு சொம்பு. முதலில் விட்ட மீன்கள் பிழைக்கவில்லை. அப்புறம் மூன்றே மூன்று விட்டு, தீனியையும் குறைத்தாள். ஒரு மாதம் போனதும் கல்லெல்லாம் வழவழவென்று ஆகி, தண்ணீர் தெளிந்தது. புதினா முழ நீளம் வந்தது. மூன்றை ஒன்பதாக்கினாள்.

அந்த வருஷம்தான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயத்தில் கோளாறு என்று செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். விவரம் தெரியாத வயதில் நீங்கள் இருவரும் என் அக்கா வீட்டில். ஞாயிறுதோறும் நான் பஸ் ஏறிப் போவேன். உங்களைப் பற்றிக் கேட்டதும் அடுத்து மீனைத்தான் கேட்பாள்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரிப்பார். "இன்னா அண்ணாத்த, புருசன் துன்னானான்னு ஒரு வார்த்த கேக்குதா பாரு. மீனு துன்னுச்சான்னுதான் கேக்குது."

"அவுரு வாய் தொறந்து கேட்டு வாங்கித் துன்னுவாரு. மீனுக்கு யாரு கீறாங்க?" என்பாள் அம்மா.

ரம்ஜான் நோன்பு நெருங்கியது. அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். நோன்புக்கு முன் வெள்ளையடித்து, பாத்திரம் பண்டமெல்லாம் துலக்கிப் போடுவது நம் வழக்கம். அவள் வரும்போது ஒரு அழுக்கு கண்ணில் படக்கூடாதென்று எல்லாவற்றையும் தேய்த்தேன். அதோடு நிறுத்தினேனா? புதினாவைப் பிடுங்கிவிட்டு, தொட்டி ஜல்லியையும் வாரிப் போட்டு, சலவைச் சோடாவில் ஊறவைத்து, வழவழப்புப் போகத் தேய்த்து அடுக்கினேன்.

அந்த ஞாயிறு பெருமையாகச் சொன்னேன். "கல்லெல்லாம் பளபளன்னு கீது, வந்து பாரு."

அம்மா கேட்டாள். "அந்தக் கொழகொழப்பும் போயிடுச்சா?"

"சுத்தமா."

"சரி. மீனு மேல வந்து வாயத் தொறக்குதான்னு பாத்துகினு இருங்க."

போய்ப் பார்த்தேன். ஒன்பதும் மேலே வந்து வாய் திறந்துகொண்டிருந்தன. தண்ணீரை மாற்றினேன், தீனியை நிறுத்தினேன். வியாழனுக்குள் ஒரு மீனும் மிச்சமில்லை. பிடுங்கித் திரும்ப நட்ட புதினாவும் வாடிப்போனது. மீன் கழிவு விஷமாகாமல் காத்ததே அந்த வழவழப்புதான் என்று, மீன் பண்ணையில் வேலை பார்த்த ஒருவர் பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னார். உங்கள் அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறும்போது கடைத்தெருவில் ஒரு கட்டுப் புதினா வாங்கினேன். நம் தொட்டியில் பறித்தது என்று அவள் கையில் கொடுத்தேன். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள்.

"மீனு?"

"நல்லா கீது."

என் முகத்தையே பார்த்தாள். "நல்லா இருக்கட்டும்" என்றாள். கட்டைத் தலையணை ஓரம் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் வந்து, அவள் போய்விட்டாள் என்று சொன்னார்கள். நோன்புக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

கண்டுபிடித்துவிட்டாளா, நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய்யென்று தெரிந்துதான் எனக்காக அப்படிச் சொன்னாளோ என்று நினைத்தால் சோறு இறங்காது.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து எல்லோரும் ஊருக்குப் போனார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில், அவளை அடக்கிய கபர்ஸ்தானுக்குள் போனேன். வேறு யாரும் இல்லை. தலைமாட்டருகே குந்தி உட்கார்ந்து, ஓதவேண்டியதை ஓதினேன். பிறகு, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிற குரலில், "ஒம்பது மீனும் செத்துடுச்சு. கல்லத் தேச்சது நான்தான். புதினா கடையில வாங்குனது" என்று சொன்னேன். கைலியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.