அம்மா நடக்கிறாள் என்றது மென்பொருள்

நெதர்லாந்தில் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வந்த புதிதில் நான் ‘சார்’ என்றதும், பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று மார்ட்டின் திரும்பிப் பார்த்தார். ஏற்காட்டு மிஷன் பள்ளியில் ஆயுசுக்கும் டீச்சராக இருந்த என் அம்மாவுக்கு இது பொறுக்கவே இல்லை. சொல்லித்தருகிற மனுஷனை வெறும் பேரால் அழைத்தால் படிப்பு எப்படி ஏறும் என்று போனில் கேட்டாள். நான் பழகிக்கொண்டேன். என் ஆராய்ச்சியே பழகிக்கொள்வதைப் பற்றியதுதான். சூழல் மாறும்போது ஓட்டத்தை நிறுத்தாமல் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் மென்பொருளை எப்படிக் கட்டமைப்பது என்பது என் கேள்வி.

அதைச் சோதிக்க ஒரு வீடு தேவைப்பட்டது. ஏற்காட்டுப் பக்கம் கொட்டச்சேட்டில் அம்மா தனியாக இருக்கும் எங்கள் வீட்டையே கொடுத்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைப்பு. ஹால் சுவரில் சென்சார் வைத்தோம். அம்மா வழக்கம்போல நடமாடினால் என் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. மலைக்காற்றில் கரண்ட் போனால் அது தானாகவே பேட்டரிக்கு மாறிக்கொண்டது. பனிமூட்ட நாளில் அவள் தாமதமாக எழுவதையும் கற்றுக்கொண்டு வீணாகப் பதறாமல் இருந்தது. பெற்றவளைத் தனியே விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பச்சை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் காபி குடிப்பேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டாள்.

“ஏனுங்க தம்பி, டீச்சருக்குக் காலு நொம்ப வீங்கிக் கெடக்குதுங்க. பூசைக்குக்கூட வர்றதில்லீங்க.”

திரை பச்சையாகத்தான் இருந்தது. அம்மாவைக் கேட்டேன். முதலில் மழுப்பினாள், பிறகு சொன்னாள்.

“நீ அங்க பதறுவியேன்னுதான் கண்ணு. காத்தால எந்திரிச்சு அந்தச் செவுத்துப் பொட்டிக்கு முன்னால ரவ நேரம் நடந்துபோட்டு வந்து படுத்துக்குவேன். சாயங்காலம் இன்னொருக்கா.”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மார்ட்டினிடம் போய், முடிவுகள் எல்லாம் பொய், அம்மா படுக்கையில் கிடக்கிறாள் என்றேன். அவர் நல்லவர். மனம் வருந்தினார், உடனே ஊருக்குப் போகச் சொன்னார், திரையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. மென்பொருள் மனிதருக்குப் பழகுவதைத்தான் யோசித்தோம், மனிதர் மென்பொருளுக்குப் பழகுவதை யோசிக்கவில்லையே, ஆய்வேட்டில் இது தனி அத்தியாயம் என்றார். என் அம்மாவின் வீங்கிய கால் அவருக்கு அத்தியாயம்.

ஊருக்கு வந்து அம்மாவைச் சேர்த்ததும், சேலம் ஆஸ்பத்திரியில் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். முன்னாடியே கூட்டி வந்திருக்கலாமே என்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதை மார்ட்டினுக்கும் எழுதினேன். அம்மாவுக்குத் துணையாக ஸ்டெல்லா அக்காவை இருக்கச் சொல்லிவிட்டு, மாற்றுச் சேலை எடுக்க பஸ் ஏறிக் கொட்டச்சேடு வந்தேன். பீரோவுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது மார்ட்டினிடமிருந்து செய்தி வந்தது. அம்மா வீடு திரும்பிவிட்டாரா, இன்று நன்றாக நடக்கிறாரே, மிக்க மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்.

கையில் சேலையோடு அப்படியே நின்றேன். நடப்பது நான் என்று எழுத விரல் வரவில்லை. இங்கே நான் நின்றால், கடலுக்கு அப்பால் அந்தத் திரையில் அம்மா நின்றுவிடுவாள். சிவப்பு வருவதற்குள் மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.