பாகமோயோவுக்குப் போன கங்காக்கள்

ஜோஹாவை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். சான்சிபார் சந்தையில் கங்கா என்னும் அச்சுத் துணி விற்றவள். உலக யுத்தத்தின்போது அவள் செய்த ஒன்றை எழுதி வைக்க வேண்டும்.

மகள் ரயாவுக்கு அக்கரையில், பாகமோயோவில், கல்யாணம். பெண் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே அச்சுக் கங்கா உடுத்தி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வாய் ஓயாது. அக்கரைக் கடைகளிலோ துணியே இல்லை. ஜோஹா தன் கடைச் சரக்கிலிருந்து சிவப்புக் கங்காக்களை மூட்டை கட்டிக்கொண்டு துறைக்குப் போனாள்.

சுங்கக் குமாஸ்தா மெனசிஸ் மூட்டையைப் பிரித்தான்.

"கப்பல்ல வந்த துணி மறுபடி கடல் தாண்டக் கூடாது. யுத்த உத்தரவு."

"கல்யாணத்துக்கு, தம்பி."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. வெட்டாம தைக்காம ஆலையில வந்தபடியே இருக்கு. இது சரக்கு."

"வெட்டித் தச்சுட்டா?"

"அப்ப அது உடுப்பு. உடுப்புக்கு உத்தரவு இல்ல."

கோவாவிலிருந்து புதிதாக வந்தவன். கங்கா இரண்டிரண்டாக ஒட்டியேதான் வரும், வாங்கியவள்தான் வெட்டி ஓரம் தைப்பாள் என்பது அவனுக்குத் தெரியாது.

ஜோஹா சுங்கக் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கூட வந்த சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார்கள்.

படகுக்காரன் வுவாய் கத்தினான்: "அக்கா, தண்ணி வத்துது! படகு தரை தட்டினா நீதான் தள்ளணும்!"

"தள்றேன், கத்தாதே. உன் படகுப் பாய்க்கும் ஓரம் தச்சுத் தரவா?"

பெண்கள் சிரித்தார்கள். மெனசிஸின் முகம் கறுத்தது.

"இதோட படகுல ஏறினா உங்க கடை உரிமம் போயிடும். மேல எழுதிடுவேன்."

சிரிப்பு நின்றது. அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு. ஜோஹா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எழுது. ஜோஹா பிந்தி ஹாஜி. பிழையில்லாம எழுது."

ஆளுக்கொன்றை உடுத்திக்கொண்டு படகேறினார்கள். ரயாவின் கல்யாணத்தில் பெண் வீட்டு வரிசை முழுக்கச் சிவப்பாக நின்றது.

திரும்பி வந்தபோது கடைக் கதவில் அரக்கு முத்திரை. ஜோஹா போய்க் கெஞ்சவில்லை. மறுநாளே சுங்கக் கொட்டகைக்கு எதிரே அடுப்பு மூட்டி மரவள்ளிக் கிழங்கு பொரித்து விற்றாள். யுத்தம் முடியும்வரை அங்கிருந்து நகரவில்லை. மெனசிஸ் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் குரல் கொடுப்பாள்:

"தம்பி, இது உள்ளூர்க் கிழங்கு. திங்கலாமா, இதுக்கும் உத்தரவு இருக்கா?"