மூன்றாவது பின்

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் சாண்ட்விச் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், பிழை விட்டால் அனுப்பிவிடுவார்கள். கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். எனக்கு நிலையான வேலை இருந்தால்தான் அவரைக் கூப்பிடலாம் என்று விசா அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் வேலைக் கோட்டை மாட்டும்போதே பயம் பிடித்துக்கொள்ளும்.

அங்கே நகை போடக்கூடாது. கல் பதிக்காத கல்யாண மோதிரத்துக்கு மட்டும் அனுமதி. அவர் உயிரோடு இருக்கத் தாலிக்கொடியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டி மறைத்துக்கொண்டேன். எங்கள் பெண்கள் பலரையும் போல, அவசரத்துக்கு உதவும் என்று கொடியில் மூன்று சேஃப்டி பின்களும் கொழுவியிருந்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு நாள், பத்து மணி இடைவேளையில் கழிப்பறையில் நின்று கொடியைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பின்கள்தான் இருந்தன.

காலையிலிருந்து முட்டைக் கலவைத் தொட்டிக்கு மேலே குனிந்து நின்றிருக்கிறேன். உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெஷின் எதுவும் எங்களிடம் இல்லை. பதினொரு மணிக்கு லொறி வந்துவிடும். சொன்னால் வேலை போகும். வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் என்று நினைத்தபோது, யாரோ ஒருவர் மத்தியானம் பசியோடு சாண்ட்விச்சைக் கடிப்பது கண்ணில் வந்தது. இரண்டு தடவை முகத்தைக் கழுவினேன்.

மேற்பார்வையாளர் உரத்த குரலுள்ள வெள்ளைக்காரப் பெண். அதுவரை அவரிடம் "யெஸ்" தவிர வேறெதுவும் நான் பேசியதில்லை. அவருடைய அறைக் கதவைத் தட்டிவிட்டு, பொத்தான்களைக் கழற்றிக் கொடியைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் உடனே எழுந்துபோய்க் கலவை மெஷினை நிறுத்தினார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கலவையைத் தட்டுகளில் கொட்டிக் கையால் பிசைந்து தேடினோம். செய்து வைத்த சாண்ட்விச்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அரை மணித்தியாலம் போனது. அப்போதுதான் சாண்ட்விச்சுக்குப் பாண் வெட்டும் அறையிலிருந்து, என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, எல்லாரும் என்னத்தைத் தேடுறியள்?"

"என்ர பின் ஒண்டு முட்டைக்குள்ள விழுந்திட்டுது."

அவள் தன் கோட்டை விலக்கி இடுப்பைக் காட்டினாள்.

"ஐயோ அக்கா, இஞ்ச கிடக்கு! ஸிப் பிஞ்சுபோச்செண்டு காலமை பஸ் ஸ்டொப்பில நீங்கள்தானே கழட்டித் தந்தனீங்கள்!"

பஸ்ஸைத் தவறவிடுவேனோ என்ற பதற்றத்தில் கொடுத்தேன். கொடுத்ததே நினைவில் இல்லை.

"இப்ப திருப்பித் தாறன். ஆனா காற்சட்டை விழுந்தா நீங்கள்தான் பொறுப்பு" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

ஷிப்ட் முடிவதற்குள் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். மறைத்ததற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் தந்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்து, காயத்துக்கு ஒட்டும் நீலப் பிளாஸ்டர் சுருள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இந்தக் கொடி உன் கல்யாண மோதிரம் மாதிரித்தானே? பிளாஸ்டரால் ஒட்டிக்கொண்டு வா. தினமும் காலையில் என்னிடம் காட்டு. பின்கள் மட்டும் வேண்டாம். இதை நீ முதல் நாளே கேட்டிருக்கலாமே?"

மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்த விஷயத்துக்கு ஒரு பிளாஸ்டர் போதுமாக இருந்திருக்கிறது.

வேலை நிரந்தரமானது. அடுத்த வருடம் கணவரும் வந்து சேர்ந்தார். அந்த இடத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். கொடியைக் காட்ட ஒவ்வொரு காலையும் அந்தக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. தட்டின கையோடு, கத்தி மழுங்கிவிட்டது, இன்றைக்கு இந்த வேலைக்கு ஆள் காணாது, இவ்வளவையும் என்னால் ஏலாது என்றெல்லாம் சொல்லப் பழகினேன். பயம் விட்டுப் போகவில்லை. ஆனால் அது கதவைத் தட்டும் வரைதான்.