தள்ளி நின்று பார்க்கச் சொன்னவர்

நான் ஊர் திரும்பிக்கொண்டிருந்த பேருந்து திருப்பாலைவனம் தாண்டியபோது ஜமீலாக்காவின் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மா காலையில மௌத்தாயிட்டாங்க டீச்சர். இப்பதான் அடக்கம் முடிஞ்சுது" என்றாள். பிறகு, "கூண்டுக்கெல்லாம் தண்ணி வச்சுட்டேன்" என்றாள்.

பழவேற்காட்டில், எங்கள் பள்ளிக்குப் பின்தெருவில் லவ் பேர்ட்ஸ் வளர்த்து விற்ற ஜமீலாக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். நான் விலங்கியல் படித்தவள். கூண்டில் பறவை வைப்பதில் உடன்பாடு இல்லாதவள். ஆனாலும் என் அம்மா இறந்த பிறகு வீட்டில் மின்விசிறியைத் தவிர வேறு சத்தமில்லை. ஒரு மாலை பறவை வாங்க அவர் வாசலில் போய் நின்றேன்.

எனக்கு முன்னால் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் ஒருவர் தன் மகளுக்குப் பறவை எடுக்கக் கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். "இது கடிக்குதுக்கா. தோ, மூலையில சாதுவா கீதே, அத்த குடு."

"இன்னா நைனா, மீனுன்னா செவுளத் தொறந்து பாக்குற ஆளு நீ. இங்க வந்து தூங்குறதக் கேக்குற? அது சாது இல்ல, சீக்கு. வைத்தியம் பாத்துனு கீறேன்" என்றார் ஜமீலாக்கா.

மீனவர் சிரித்துக்கொண்டே கடித்ததை வாங்கிப் போனார். என்னால் சிரிக்க முடியவில்லை. மூலையில் இறகை உப்பிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்த அந்த நீலப் பறவையைத்தான் நானும் மனத்துக்குள் எடுத்து வைத்திருந்தேன்.

அன்று ஜமீலாக்கா எனக்கு எதையும் விற்க மறுத்துவிட்டார். எதிர்ச்சுவரோரம் ஒரு ஸ்டூலைப் போட்டார். "ஆளக் கண்டா சீக்குப் பறவகூட நிமிந்துக்கும் டீச்சர். தள்ளி உக்காந்து, அதுக்குத் தெரியாம பாருங்க." அரைமணி நேரம் பார்த்தேன். எது இரை தின்கிறது, எது தின்பதுபோல் தலையை மட்டும் ஆட்டுகிறது, எதற்கு மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் மெல்லப் புலப்பட்டன. எந்த வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு மஞ்சள் பறவையைப் பிடித்து, வாலடி சுத்தமாக இருப்பதையும் மூக்கில் ஈரம் இல்லாததையும் காட்டினார். "வீட்ல கருவாடு சுடுவீங்களா? பொகை ஆவாது."

"எனக்கு ஒருத்திக்கு என்ன சமையல்?"

"அப்ப ரெண்டா எடுத்துனு போங்க."

ஒன்று போதும் என்றேன். "சரி, அதுங்கூட நீங்கதான் பேசணும். எங்கூடவே பேச மாட்டீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

போன மாதம் தினை வாங்கப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்தார். அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்கியது. "காத்து ஒத்துக்கல, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்தார். தினையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

பேருந்தை விட்டிறங்கி நேராக அங்கே போனேன். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். கூண்டுகளுக்கு நடுவில் மகள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உடனே உள்ளே போகாமல் வாசலில் நின்று பார்த்தேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தப் பழக்கமும், இன்னமும் என் விரலைக் கடிக்கிற அந்த மஞ்சள் பறவையும்தான்.

என் காலடிச் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நான் நல்லாதான் கீறேன் டீச்சர். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள்.

எதிர்ச்சுவரோரம் கிடந்த ஸ்டூலை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.