துரு தட்டியவர் வெல்டர் ஆன கதை

தங்கராஜுவைக் கட்டிக்கொண்ட புதிதிலேயே ருக்குமணிக்குப் புரிந்துவிட்டது, இந்த மனிதர் வேலையைக் கண்டால் ஒதுங்கிப்போகிற ரகம் என்று. தீவில், ஜார்ஜ் டவுன் கடலோரத்துக் கப்பல் பட்டறையில் அவருக்குத் துரு தட்டும் வேலை. பாதி நாள் கப்பலின் வயிற்றுக்குள் படுத்துத் தூங்கிவிட்டு வருவார். பட்டறையும் அவருக்கு ஏற்றதாகத்தான் இருந்தது. பெயர்தான் கப்பல் கட்டும் இடம். அவளுக்குத் தெரிந்து அங்கே கட்டியது மணல் ஏற்றும் இரண்டு படகுகள். அதில் ஒன்று சாய்ந்தே மிதந்தது.

எண்பத்தாறில் அதை இழுத்து மூடினார்கள். ருக்குமணி ஃபெரி ஏறி, அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். தங்கராஜு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து வருஷம் கழித்து ஒரு கம்பெனி அந்த இடத்தை வாங்கிச் சாப்பாட்டுக் கடைகள் வைத்தது. கிரேனுக்கு மஞ்சள் சாயம், நங்கூரத்துக்குத் தங்க நிறம். மேனேஜர் கனகசுந்தரம், அன்று பட்டறையில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய அதே ஆள். இப்போது வாய்க்கு வாய் 'பாரம்பரியம்'. சுற்றுலாக்காரர்கள் பார்க்கத் தங்கராஜுவுக்கு நீல ஓவரால் மாட்டி வாசலில் நிறுத்தினார்.

"நான்தான் இங்க ஹெட் வெல்டர். எத்தன கப்பல் கட்டியிருக்கேன் தெரியுமா!" என்று தங்கராஜு வருகிறவர்களிடமெல்லாம் அளந்தார்.

திறப்பு விழாவுக்கு அவர் கெஞ்சியதால் ருக்குமணியும் போனாள். கனகசுந்தரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தங்கராஜு, சும்மா ஒரு வெல்டிங் அடிச்சுக் காட்டுங்கலா, பேப்பர்காரங்க வந்திருக்காங்க," என்றார்.

தங்கராஜு ஊதுபத்தியைப் பிடிப்பதுபோல வெல்டிங் குச்சியைப் பிடித்தார். கூட்டத்தில் மனைவியைத் தேடினார். அவள் தங்க நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குச்சி இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது. இழுத்தார், தகடும் கூடவே வந்தது. யாரோ சிரித்தார்கள்.

"பாத்தீங்களா, பழைய கை!" என்று கூச்சமே இல்லாமல் கைதட்டினார் கனகசுந்தரம். எல்லாரும் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கராஜு முறைத்தார். "நீயாச்சும் எதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்ல? இவருக்குத் துரு தட்டத்தான் தெரியும்னா? அதயும் ஒழுங்கா தட்டலயே நீங்க!"

மறுநாள் பத்திரிகையில் அவர் படம், 'கடைசி வெல்டர்' என்று. அடுக்குமாடி முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார்.

தொண்ணூற்றெட்டில் வியாபாரம் படுத்தது. கடைகளைப் பூட்டினார்கள், ஓவராலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கனகசுந்தரம் அக்கரையில் ஜுரு என்ற ஊருக்குக் கார் விற்கப் போய்விட்டார். சந்துமுனைக் காப்பிக்கடையில் யாராவது கிண்டலாக, "என்னா வெல்டரே!" என்றால், தங்கராஜு இன்னமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்புவார். ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாக வரும் ருக்குமணி, யாரோ எவரோ என்று எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவாள்.